பட்டன் டயர்

அதையா எடுக்கப்போறீங்க தம்பி? இல்லைங்க, எடுக்க வேண்டாம்னு சொல்லல. உங்க வண்டி, உங்க ரோடு. தடவித் தடவிப் பாக்கறீங்களே, அதனால கேட்டேன். நானும் இப்படித்தான் தடவிப் பாத்தேன். விரல் உள்ள போற அளவுக்குப் பள்ளம், கட்டம் கட்டமா பட்டன். பாத்தாவே ஆம்பளைக்கு ஒரு ஆசை வரும்.

உட்காருங்க. கடைக்காரப் பாய் சாப்பிடப் போயிருக்காரு, வந்துருவாரு. அங்க ஜாக்கியில நிக்குதுங்களே வெள்ளைப் பிக்கப்பு, அது என்னோடதுதான். உங்க வண்டியில லோடு அடிக்கறீங்களா, இல்ல வேலைக்குப் போய்ட்டு வரத்தானா? அதுக்குத்தானா. நானும் அதுக்குத்தானுங்க. அப்ப நான் சொல்றதைச் சித்தெ கேட்டுட்டு எடுங்க.

வாங்கறப்ப நான் லோடுக்குத்தான் வாங்கினேன். எங்க ஊரு பவானிசாகருக்கு அக்கட்ட. வாழை போட்டிருந்தேன். தார் வெட்டினா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வாடகை வண்டிக்காரனைக் கெஞ்சிட்டு நிக்கோணும். அந்த ரோசத்துல சொந்தமா ஒன்னு எடுத்துட்டேன். அப்பறம் கெணறு கைவிட்டுருச்சு. போர் போட்டா புகைதான் வந்துச்சு. நிலத்தைக் கோழிப்பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு உட்டுப்போட்டு, அன்னூரு தாண்டி ஒரு மில்லுல ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி மட்டும் கையில நின்னுருச்சு. பைக்குல போலாமேம்பீங்க. விழுந்து முட்டியில பிளேட் வெச்சிருக்குதுங்க, பைக்கு ஆகாது. அதனால ஒரு டிபன் கேரியரை ஏத்திக்கிட்டு இத்தாப் பெரிய வண்டி தினமும் மில்லுக்குப் போகும். ஊருல சிரிப்பாங்க. "என்ன சென்னியப்பா, இன்னிக்கு லோடு ரசமா மோரா"ம்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

டிபன் கேரியர்னு சொன்னது தப்பு. கேரியரும் எங்க வீட்டுக்காரியும். துளசிமணின்னு பேரு. இங்க புளியம்பட்டியில ஒரு தையல் கம்பெனியில செக்கிங் வேலை அவளுக்கு. காலையில அவளை இங்க இறக்கி உட்டுட்டு நான் அப்படியே போயிருவேன். சாயங்காலம் வர்றப்ப ஏத்திக்குவேன்.

வீட்டுல எங்களுக்குப் பேச்சே இல்லைங்க. சண்டைன்னு ஒன்னும் இல்ல. அவ அடுப்புகிட்ட இருப்பா, இல்லாட்டி மாட்டுகிட்ட இருப்பா. நான் டிவிகிட்ட இருப்பேன். ஆனா வண்டியில ஏறிக் கதவைச் சாத்தினா ஆரம்பிச்சுருவா. கம்பெனியில யாரு யாரோட பேசறதில்ல, எந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க, பக்கத்துத் தோட்டத்துல எருமை கன்னு போட்டது, எல்லாம் வரும். அவ குரல் சின்னக் குரலுங்க. பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்ற மாதிரி இருக்காது, அவளுக்கு அவளே சொல்லிக்கற மாதிரி இருக்கும். நான் ரோட்டைப் பாத்துட்டு ம் போடுவேன். ஊருல எந்த ஆம்பளை பொண்டாட்டி பேச்சை அவ்வளவு நேரம் கேப்பான், நீங்களே சொல்லுங்க. நான் கேட்டேன். தினமும் கேட்டேன். கேட்டேன்னா, காதுல விழும்.

அதுலயும் பாதிப் பேச்சு எங்க அம்மிணியைப் பத்தித்தான் இருக்கும். எங்களுக்கு ஒரே புள்ளைங்க. மோகனப்பிரியா. கோயமுத்தூருல படிக்க வெச்சேன். படிச்சு முடிச்சு ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தா. அங்கயே லேப்புல ரத்தம் எடுக்கற பையனைக் கட்டிக்கிட்டா. நம்மாளுக இல்லைங்க. வேற ஆளுக. என்ன ஆளுகன்னு நான் சொல்ல மாட்டேன், இப்பெல்லாம் அப்படிச் சொல்லக்கூடாது. எனக்கு அதெல்லாம் ஒன்னும் இல்ல. மில்லுல எல்லாரோடயும் ஒட்டுக்கா உட்கார்ந்துதான் சாப்பிடறேன். ஆனா ஊருன்னு ஒன்னு இருக்குதில்லீங்க.

வீட்டுக்குள்ள அவ பேரை எடுக்கக்கூடாதுன்னு துளசிகிட்ட சொல்லிப்போட்டேன். அவளும் எடுக்கல. சொன்னாச் சொன்னபடி இருக்கறவ. ஆனா வண்டியில எடுப்பா. வண்டி வீடு இல்லியே. அதுக்கும் நேரா சொல்ல மாட்டா. "அன்னூருல வீடு பிடிச்சிருக்காங்களாமா, தண்ணி நல்லா வருதாமா"ம்பா. யாருன்னு அவளும் சொல்ல மாட்டா, நானும் கேக்க மாட்டேன். அன்னூரு நான் மில்லுக்குப் போற வழிதான். அந்தத் தெரு முக்கைத் தாண்டித்தான் தினமும் போவேன். அவ இங்கயே இறங்கிக்குவா, அதனால அவ ஒருக்காகூடப் பாத்ததில்ல. சாயங்காலம் ஏறின உடனே, "இன்னிக்கு அந்தப் பக்கம் கூட்டமா இருந்துச்சுங்களா"ன்னு கேப்பா. என்ன கேக்கறான்னு எனக்குத் தெரியும். "என்னத்தக் கூட்டம், எப்பவும் போலத்தான்"னு சொல்லுவேன். அதுவே அவளுக்குப் போதும்னு நெனைச்சுட்டு இருந்தேன்.

இப்படி ஓடிட்டு இருக்கறப்பதான் டயர் தேஞ்சு கம்பி தெரிய ஆரம்பிச்சுது. இதே கடைக்குத்தான் வந்தோம். அவளும் கூட இருந்தா, வண்டியை உட்டு இறங்கல. பாய் கோடு கோடா இருக்கற டயரை எடுத்துப் போட்டாரு. "அண்ணே, நீங்க தார் ரோட்டுல வேலைக்குப் போய்ட்டு வர்றீங்க, இது போதும், ஓட்டறதே தெரியாது"ன்னாரு. பாயைக் குத்தம் சொல்ல மாட்டேன். சொல்லத்தான் செஞ்சாரு. ஆனா அழுத்திச் சொல்லலைங்க. விக்கறவன் கொஞ்சம் அழுத்திச் சொல்லோணுமில்ல?

எங்க பங்காளி ராக்கியப்பன்னு ஒருத்தன், செங்கல் லோடு அடிக்கறவன். அவன் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தான், "பட்டன் டயராப் பாத்துப் போடு, சேத்துல கல்லுல எதுலயும் வண்டி நிக்காது"ன்னு. நானும் நெனைச்சேன், எப்பவாச்சும் மழை நல்லாப் பெஞ்சு கெணறு ஊறிச்சுன்னா மறுபடி வாழை போடுவேன், தோட்டத்துக்குப் போற இட்டேரித் தடத்துல, சேத்துல வண்டி இறங்கோணும். அந்த நெனைப்பு உள்ளுக்குள்ள இருந்துட்டே இருக்கும். பட்டன் டயர் போட்டா வண்டியும் வண்டியாட்டம் தெரியும், ரசமா மோரான்னு எவனும் கேக்க மாட்டான். அதையே மாட்டச் சொல்லிட்டேன்.

துளசி கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, சத்தம் வராததாப் பாத்துப் போடுங்க"ன்னா. சொன்னது எனக்குக் கேட்டுச்சு. டயரைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்னு உட்டுட்டேன்.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்றதுங்க. மெதுவாப் போறப்ப ஒன்னும் தெரியாது. கொஞ்சம் வெசையாப் போனா, கதண்டு வண்டுக் கூட்டம் ஒன்னு வண்டிக்கு அடியில ஒட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். இன்னும் வெசை எடுத்தா உள்ள இருக்கறவன் நெனைக்கறதுகூட அவனுக்குக் கேக்காது. மொத நாளு துளசி கத்திப் பேசிப் பாத்தா. சின்னக் குரலு, எவ்வளவு கத்தும்? பாதி வழியில நிறுத்திட்டா. "கொஞ்சம் மெதுவாப் போலாமுங்களா"ன்னு கேட்டா. மெதுவாப் போனா சத்தம் கம்மிதான். ஆனா ஷிப்டுக்கு நேரமாயிருமே. நான் போகல.

அப்பறம் அவளே பழகிக்கிட்டா. கத்தறதை உட்டுட்டு, முன்ன மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டா. வாய் அசையறது தெரியும். எனக்கு டயர் சத்தம் கேக்கும். இடையில என் பக்கம் திரும்பினா, ஏதோ கேக்கறான்னு தலையாட்டுவேன். ஆட்டினா அவளுக்கு ஒரு திருப்தி. எனக்கும் தொந்தரவு இல்ல. மாசக்கணக்கா அப்படித்தான் போனோம். என்ன சொன்னன்னு திருப்பிக் கேக்கலாம்தான். கேட்டா, அவ்வளவு நேரம் கேக்கவே இல்லைன்னு ஆயிருமில்லீங்க. மனசு கஷ்டப்படும். அவ மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான் நான் தலையாட்டினது.

ஐப்பசியில ஒரு நாள். மழை விட்டு ரோடெல்லாம் ஈரமா இருந்துச்சு. துளசி பாதி வழி வரைக்கும் ஒன்னும் பேசல. நால்ரோடு தாண்டறப்ப முழுசா என் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பிச்சா. ரொம்ப நேரம் பேசினா. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு, ஆனா வாய் சிரிச்சுட்டு இருந்துச்சு. எதிர்ல பஸ்ஸு ஒன்னு வந்துட்டு இருந்துச்சு, நான் அதைப் பாத்துட்டு இருந்தேன். பேசி முடிச்சுட்டு என் மூஞ்சியையே பாத்தா. நான் தலையாட்டினேன். கியர் மேல இருந்த என் கையை அப்படியே பிடிச்சுக்கிட்டா. இத்தன வருசத்துல வண்டியில அவ என் கையைப் பிடிச்சதே இல்லைங்க. புளியம்பட்டி வர்ற வரைக்கும் உடல. கியர் மாத்தறப்பகூட அவ கையும் சேர்ந்து வந்துச்சு. ஏதோ பழனிக்குப் போலாம்னு கேட்டிருப்பா, கூட்டிட்டுப் போய்ட்டு வந்தாப் போச்சுன்னு நெனைச்சேன்.

அந்த வாரம் பூராவும் அவ மூஞ்சியே வேற மாதிரி இருந்துச்சு. வீட்டுல பாட்டெல்லாம் முணுமுணுத்தா. நானும் சந்தோசமா இருந்தேனுங்க. எதுக்குன்னு தெரியாமயே சந்தோசமா இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை மில்லுல ஸ்டாக் எடுக்கற வேலை. மத்தியானம் முடிச்சுட்டு வந்தேன். வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்துச்சு. நாட்டுக்கோழி கொதிக்கற வாசம் ரோட்டுக்கே வந்துச்சு. வாசப்படியில ஒரு ஆம்பளைச் செருப்பு. உள்ள போனா, கட்டில்ல எங்க அம்மிணி உட்கார்ந்திருக்கறா. வயித்தோட. ஏழு மாசம் இருக்கும். அந்தப் பையன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். ஜீவான்னு பேரு. பயந்து போய் நின்னான்.

துளசி அடுப்படியில இருந்து தண்ணிச் சொம்போட வந்தா. பட்டுச்சேலை கட்டியிருந்தா. "வந்துட்டீங்களா. மாப்பிள்ளை நிக்கறாரு பாருங்க, உட்காரச் சொல்லுங்க"ன்னா.

"யாரைக் கேட்டு வரச் சொன்ன?"ன்னேன்.

"உங்களைக் கேட்டுத்தான்."

"எப்பக் கேட்ட?"

"வண்டியில. நால்ரோடு தாண்டறப்ப. மாசமா இருக்கறா, ஒருக்கா வீட்டுக்குக் கூப்பிட்டுக் கைநிறைய வளையல் போட்டு அனுப்பலாமுங்களான்னு கேட்டேனே. தலையாட்டினீங்களே."

"எனக்கு ஒன்னும் கேக்கல"ன்னேன். உண்மைதானுங்க. நான் பொய் சொல்லல. கேக்கலைன்னா கேக்கலைன்னுதானே சொல்ல முடியும். ஆனா எல்லாரும் இருக்கறப்ப சொன்னேன்.

அம்மிணி, "அப்பா, அம்மா பொய் சொல்லலப்பா. போன்ல அழுதுட்டே சொன்னாங்க, அப்பா சரின்னுட்டாரு, இனிமே பயமில்லைன்னு"ன்னா. நான் அவளைப் பாக்கல. சுவத்தைப் பாத்துட்டு நின்னேன். அந்தப் பையன்தான் குனிஞ்சு அவ கையைப் பிடிச்சு, "மோகனா, எந்திரி. போலாம்"னான். கோவமா சொல்லல. அவன் கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கட்டில்ல கையை ஊனி எந்திரிக்க அவளுக்குச் சிரமமா இருந்துச்சு. கண்ணாடி வளையல் கை நிறையப் போட்டிருந்தா. நான் வர்றதுக்கு முன்னாடியே போட்டு உட்டுட்டாங்க போல.

துளசி நின்ன இடத்துலயே நின்னுட்டு இருந்தா. சொம்பு கையில இருந்துச்சு. "அப்ப மத்ததுங்க?"ன்னா.

"என்ன மத்தது?"

"இத்தன மாசமா நான் பேசினது. அதெல்லாமும் கேக்கலீங்களா?"

"அந்த டயர் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"னேன்.

அவ அழல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அழுவான்னு நெனைச்சேன். சொம்பைக் கீழ வெச்சுட்டு, உள்ள போயி, கோழிக் கொழம்பையும் சோத்தையும் தூக்குப்போசியில ஊத்தி, அவங்க கையில குடுத்து, பஸ்ஸு ஏத்தி உட்டுட்டு வந்தா. எனக்கும் சோறு போட்டா.

அடுத்த நாள் காலையில நான் வண்டியை எடுக்கறப்ப அவ பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு இருந்தா. பக்கத்துல நிறுத்தி ஆரன் அடிச்சேன். என்னைப் பாத்தா. பஸ்ஸு வர்ற திசையைப் பாத்தா. நான் போயிட்டேன். அதுக்கப்பறம் தினமும் பஸ்ஸுதான். பேசறதை நிறுத்திட்டான்னு சொல்ல முடியாது. காப்பி வேணுமா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு பேசுவா. வீட்டுல எப்பவும் அவ்வளவுதானே. வண்டியில பேசறதுதான் இல்ல.

தை பொறந்து அம்மிணிக்கு வலி வந்தப்ப அன்னூருக்குப் போனவ, அங்கயே இருந்துட்டா. கம்பெனிக்கும் அங்கிருந்துதான் வந்து போறா. வரச் சொல்லி நான் கூப்பிடல. புள்ளை பெத்த எடத்துல ஒத்தாசைக்கு ஆள் வேணுமில்ல, இருக்கட்டும்னு உட்டுட்டேன். இப்பக் குழந்தை தவழுதாமா. மில்லுல ஒரு பொண்ணு அந்தத் தெருவுல இருக்குது, அது சொல்லுச்சு.

பொம்பளைப் புள்ளைங்க. பேரு வெச்ச அன்னிக்குத் துளசி போன் பண்ணினா. நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன், வழக்கமான வெசையில. பேரு சொன்னா. எனக்குக் கேக்கல. "சரி"ன்னேன். அப்பறமும் ஏதோ சொன்னா. "சரி சரி"ன்னேன். வெச்சுட்டா. நிறுத்திப் பேசியிருக்கலாம்தான், பின்னாடி லாரிக்காரன் முட்டிக்கிட்டு வந்தான். திருப்பிப் போட்டு என்ன பேருன்னு எப்படிங்க கேக்கறது? சொன்னப்ப சரின்னவன், மறுபடி கேட்டா என்ன நெனைப்பா? அந்த மில்லுப் பொண்ணுகிட்ட கேக்கலாம். சொந்தப் பேத்தி பேரை மூணாம் மனுசிகிட்ட கேக்கறதா? அதனால இன்னும் தெரியாது. கடைசியில 'யா'ன்னு முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியல.

என்ன கேட்டீங்க? அன்னிக்கு வண்டியில அவ கேட்டது என் காதுல விழுந்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேனாவா?

அது... கேட்டிருந்தா அப்பப் பாத்துக்கலாமுங்க. கேக்கவே இல்லியே. கேக்காத ஒன்னுக்கு நான் என்னன்னு பதில் சொல்லட்டும்.

இருங்க, கடைப் பையன் வீல் நட்டு முறுக்கறான், பாத்துட்டு வந்தர்றேன்.

சரியாத்தான் முறுக்கறான். கழட்டிப் போட்டிருக்குது பாருங்க, அதுதான் பட்டன் டயரு. பட்டன் இன்னும் பாதி தேயல. "எதுக்குண்ணே மாத்தறீங்க, இன்னும் ரெண்டு வருசம் ஓட்டலாம்"னு பாய் திட்டினாரு. இருக்கறதுலயே சத்தம் கம்மியா எது இருக்குதோ அதை மாட்டுங்கன்னேன். அவரு ஒரு டயரைக் காட்டி, "இது கார்ல போற மாதிரி இருக்கும், ஆனா உங்க இட்டேரிச் சேத்துல வழுக்கும்"னாரு. வழுக்கினா வழுக்கட்டும். வாழையும் இல்ல, கெணறும் இல்ல. இதை மாட்டிக்கிட்டு நாளைக்குச் சாயங்காலம் கம்பெனி வாசல்ல போயி நிக்கலாம்னு இருக்கறேன். அவகிட்ட சொல்லல. ஏறுவாளா மாட்டாளான்னு தெரியாது. ஏறினா ஊருக்கு இல்ல, அன்னூருக்குத்தான் கொண்டுபோய் உடோணும். தெரு முக்குல உட்டுட்டு வந்துருவேன். உள்ளெல்லாம் போக மாட்டேன். அது வேற விசயம்.

வண்டியை இறக்கிட்டாங்க.

தம்பி, ஒரு ஒத்தாசை செய்வீங்களா? பாய் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குது. நால்ரோடு வரைக்கும் என்கூட வந்துட்டு வந்தர்லாமுங்களா? ஒன்னுமில்ல, டயர் எப்படி இருக்குதுன்னு பாக்கோணும். தனியா ஓட்டிப் பாத்தா எனக்கு அது தெரியாது. நீங்க அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துக்குங்க. கண்ணாடியை ஏத்தி உட்டுக்குங்க. ஏதாச்சும் பேசிட்டே வாங்க, உங்க வீடு, உங்க வேலை, எதுவேணா. சத்தமாப் பேசாதீங்க. சின்னக் குரலுலதான் பேசோணும், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கற மாதிரி. நான் ரோட்டைத்தான் பாத்துட்டு இருப்பேன்.

நடுவுல நான் தலையாட்டினா மட்டும் பேச்சை நிறுத்திப்போட்டு, என்ன சொன்னீங்கன்னு என்னையத் திருப்பிக் கேளுங்க.